பேக்கப் உறைந்துவிட்டதா, எழுதிக்கொண்டுதான் இருக்கிறதா?

லினக்ஸில் எக்ஸ்டர்னல் டிரைவுக்கு பேக்கப் போடுகிறீர்கள். முதல் இரண்டு மூன்று ஜிபி சட்டென்று போய்விடுகிறது. அப்புறம் வேகம் சரிகிறது. சில நேரம் 100% என்று காட்டிவிட்டு அப்படியே நிற்கிறது. பலரும் பொறுமையிழந்து கேபிளைப் பிடுங்குவது இந்த இடத்தில்தான். பிடுங்குவதற்கு முன், லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் என்ன செய்துகொண்டிருக்கிறது என்று பார்த்துவிடலாம்.

ஒரு நிரல் 'இதை டிஸ்கில் எழுது' என்று கொடுத்தால், கெர்னல் அதை ரேமில் வாங்கி வைத்துக்கொண்டு 'எழுதியாச்சு' என்று சொல்லிவிடும். டிஸ்குக்கு இன்னும் போய்ச் சேராத இந்தப் பகுதிகளுக்கு டர்ட்டி பக்கங்கள் என்று பெயர். ஏறக்குறைய 5 விநாடிக்கு ஒருமுறை கெர்னல் எட்டிப்பார்த்து, 30 விநாடிக்கு மேல் காத்திருப்பவற்றை எழுத அனுப்பும். இவை பயன்படுத்தத்தக்க நினைவகத்தில் 10 சதவீதத்தைத் தாண்டினால் பின்னணியில் எழுதும் வேலை முடுக்கிவிடப்படும்; 20-ஐ நெருங்கினால் நகலெடுக்கும் நிரலையே கெர்னல் காக்க வைக்கும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 15 ஜிபி ரேம் காலியாக இருக்கும் கணினியில் இந்த 20 சதவீதம் என்பது 3 ஜிபி. விநாடிக்கு 5 எம்பி எழுதும் மலிவான பென்டிரைவ் அதை விழுங்க 10 நிமிடம் ஆகும். திரையில் தெரிந்த 100%, ரேமுக்குப் போன கணக்குதான்.

ப்ராக் அடைவிலுள்ள மெம்இன்ஃபோ கோப்பில் (/proc/meminfo) 'டர்ட்டி' (எழுதக் காத்திருப்பவை), 'ரைட்பேக்' (இப்போது எழுதப்படுபவை) என்று இரண்டு வரிகள் உண்டு. ஒரு கட்டளையைத் திரும்பத் திரும்ப ஓட்டிக் காட்டும் வாட்ச் (watch) கட்டளையோடு சேர்த்து அவற்றை ஓடவிடுங்கள். எண்கள் குறைந்துகொண்டே வந்தால் டீ குடித்துவிட்டு வரலாம்.

எண்கள் அசையவே இல்லையா? ஓடும் நிரல்களைப் பட்டியலிடும் பிஎஸ் (ps) கட்டளையில், நகலெடுக்கும் நிரலின் நிலை 'டி' (D) என்று இருக்கும்: டிஸ்கின் பதிலுக்காகக் காத்திருக்கும், எழுப்ப முடியாத தூக்கம். நிரலை நிறுத்தும் கில் (kill) கட்டளையை எத்தனை முறை கொடுத்தாலும் பலன் இருக்காது. இப்போது டிமெசேஜ் (dmesg) கொடுத்து கெர்னலின் பதிவுகளைப் படியுங்கள். யுஎஸ்பி ரீசெட் என்று திரும்பத் திரும்ப வந்தால் கேபிள், ஹப் அல்லது மின்சாரம். 2.5 அங்குல டிரைவ்கள் போர்ட்டிலிருந்தே கரண்ட் எடுக்கின்றன. யுஎஸ்பி 2 தருவது 500 மில்லி ஆம்பியர், யுஎஸ்பி 3 தருவது 900. வேறு கேபிள் போட்டு, ஹப் இல்லாமல் கணினியின் போர்ட்டிலேயே நேராகச் செருகிப் பாருங்கள். ஐ/ஓ எரர் (படிப்பதில் அல்லது எழுதுவதில் பிழை) என்று வந்தால், எந்த டிஸ்கின் பெயர் அருகில் இருக்கிறது என்று கவனியுங்கள். எல்லோரும் வெளி டிரைவையே சந்தேகிப்பார்கள். பழுதான பகுதியைப் படிக்க முடியாமல் திணறுவது உள்ளே இருக்கும் மூல டிஸ்காகவும் இருக்கலாம். அப்படியென்றால் முக்கியமான கோப்புகளை முதலில் எடுத்துவிடுங்கள்.

பதிவில் ஒரு பிழையும் இல்லை, ஆனாலும் விநாடிக்குச் சில எம்பிதான் என்றால், டிரைவ் எஸ்எம்ஆர் வகையாக இருக்கக்கூடும். விலை குறைந்த பெரிய எக்ஸ்டர்னல் டிரைவ்களில் இது சகஜம். கூரை ஓடுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருப்பதுபோல இதில் காந்தத் தடங்கள் ஏறியிருக்கும். ஒரு தடத்தை மாற்றினால் அடுத்தடுத்த தடங்களையும் திரும்ப எழுத வேண்டும். அதனால் வருவதை முதலில் ஒரு சாதாரணப் பகுதியில் வாங்கிவைத்து, பிறகு சாவகாசமாக இடம் மாற்றும். அந்தப் பகுதி நிரம்பியதும் வேகம் படுத்துவிடும். மின் இணைப்போடு சும்மா விட்டால் டிரைவ் தன் பாக்கியை முடித்துக்கொள்ளும். விளக்கு மினுங்கும், தட்டு சுற்றும், கணினிக்கு எதுவும் தெரியாது.

டர்ட்டி வரம்பைச் சதவீதத்துக்குப் பதில் பைட்டில், 200 எம்பி என்பது போல, வைக்க முடியும். டிரைவ் இதனால் வேகமாகாது; திரையில் ஓடும் எண் பொய் சொல்வது குறையும், அவ்வளவுதான். பாதியில் நிற்கும் பேக்கப்பை ஆர்சிங்க் (rsync) என்ற நகலெடுக்கும் நிரல் கொண்டு தொடரலாம். அளவும் தேதியும் ஒத்துப்போகும் கோப்புகளை அது தொடாது. ஆனால் ஃபேட்32 என்ற கோப்பு முறையில் இருக்கும் டிரைவ் நேரத்தை 2 விநாடிக்கு ஒருமுறைதான் குறித்துவைக்கும் என்பதால், ஆர்சிங்கின் மாடிஃபை விண்டோ (--modify-window) தேர்வை 1 என்று வையுங்கள். இல்லாவிட்டால் போன கோப்புகளில் பாதி மறுபடியும் கிளம்பும்.