ஃபார்மட் செய்தால் கோப்பு எங்கே போகிறது?

கோலாலம்பூர் லோ யாட் பிளாசாவில் லேப்டாப்பை நீட்டி ஓஎஸ் (விண்டோஸ் போன்ற இயங்குதளம்) மாற்ற வேண்டும் என்றால், விலை சொல்வதற்கு முன் கடைக்காரர் கேட்பது இதைத்தான்: ‘டேட்டா மாவ் சிம்பான்கா?’ டேட்டாவை எடுத்து வைக்கணுமா, வேண்டாமா என்று மலாயில் கேட்கிறார். ஓஎஸ் மாற்றும்போது டிஸ்க்கை ஃபார்மட் செய்வார்கள், அதாவது புதிதாக எழுதுவதற்குத் தயார் செய்வார்கள். நம் ஆட்களில் பலர் ‘எல்லாம் டி டிரைவில்தான் இருக்கு, ஒன்றும் ஆகாது’ என்று சொல்லிவிடுகிறார்கள். வம்பு அங்கேதான் தொடங்குகிறது.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திக்கொண்டது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும். பழைய கணினிகள் பலவற்றில் அது இல்லை. அதனால் புது லேப்டாப் வாங்குகிறவர்கள் ஒருபக்கம், இருப்பதிலேயே உபுண்டு, மின்ட் போன்ற லினக்ஸ் என்ற இலவச ஓஎஸ்ஸைப் போட்டுக்கொள்கிறவர்கள் ஒருபக்கம். இரண்டாவது கூட்டத்துக்குத்தான் கோப்பு பற்றிய கவலை அதிகம்.

டிஸ்க்கில் கோப்பு என்பது இரண்டு பகுதி. உள்ளடக்கம் ஒரு பக்கம் துண்டுதுண்டாகக் கிடக்கும். அதன் பெயர், அளவு, எந்தத் துண்டு எங்கே என்ற விவரம் எல்லாம் தனி அட்டவணையில் இருக்கும். விண்டோஸின் என்டிஎஃப்எஸ் முறையில் ஒவ்வொரு கோப்புக்கும் இந்த அட்டவணையில் பெரும்பாலும் 1,024 பைட் கொண்ட ஒரு பதிவு உண்டு. கோப்பு மிகச் சிறியது என்றால், நாலு வரிக் குறிப்பு மாதிரி, உள்ளடக்கமும் அந்தப் பதிவுக்குள்ளேயே அடங்கிவிடும்.

வேகமான ஃபார்மட் அட்டவணையைத்தான் புதிதாக எழுதுகிறது. அடுக்குமாடி வீட்டின் கீழ்த்தளத்தில் மாட்டியிருக்கும் பெயர்ப்பலகையைத் துடைத்தால் மேலே குடியிருப்பவர்கள் காலி செய்துவிட மாட்டார்கள். ஆனால் எல்லா வீடும் காலி என்று நம்பிப் புதுக் குடித்தனம் வந்து இறங்கும். புது ஓஎஸ் பல ஜிகாபைட் எழுதுவது அப்படித்தான். அது எதன்மேல் எழுதப்பட்டதோ அது திரும்பாது, எழுதப்படாத இடத்தில் இருப்பதை மீட்பு மென்பொருள் தோண்டி எடுக்கலாம்.

இந்த ஆறுதல் பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க்குக்கு மட்டும். சுழலும் பாகமே இல்லாத எஸ்எஸ்டி டிஸ்க் வேறு ஜாதி. அதன் ஃபிளாஷ் நினைவகத்தில் எழுதியதன்மேல் நேரடியாக மறுபடி எழுத முடியாது. முதலில் அழிக்க வேண்டும். எழுதுவது சிறு பக்கங்களாக, அழிப்பது பல பக்கங்கள் சேர்ந்த பெரிய தொகுதிகளாக. எழுதும் நேரத்தில் அழித்துக்கொண்டிருந்தால் வேகம் படுத்துவிடும் என்பதால், இனித் தேவைப்படாத பக்கங்கள் எவை என்று ஓஎஸ் முன்கூட்டியே எஸ்எஸ்டிக்குச் சொல்லிவிடுகிறது. இந்தக் கட்டளைக்கு டிரிம் என்று பெயர். விண்டோஸில் இது 2009-இல் வந்த விண்டோஸ் 7 முதல் இருக்கிறது. ஃபார்மட் செய்யும்போதும் பொதுவாக இந்தக் கட்டளை போகும். அதன்பின் பல எஸ்எஸ்டிகள் அந்த இடங்களைப் படிக்கக் கேட்டால் வெறும் பூஜ்யங்களைத்தான் தரும். முன்பெல்லாம் கடைக்காரர் ‘எடுத்துத் தரலாம்’ என்பார். இப்போது உதட்டைப் பிதுக்கினால் அவர் பொய் சொல்லவில்லை.

சரி, டி டிரைவுக்கு வருவோம். பெரும்பாலான லேப்டாப்பில் சி, டி இரண்டும் ஒரே டிஸ்க்கின் இரண்டு பாகங்கள். எது எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்ற குறிப்பு அதே டிஸ்க்கில்தான் இருக்கிறது. லினக்ஸ் நிறுவும்போது ‘முழு டிஸ்க்கையும் அழித்து நிறுவு’ என்ற ஒரு தேர்வு வரும். அதைச் சொடுக்கினால் சியோடு டியும் போச்சு. ‘விண்டோஸோடு சேர்த்து நிறுவு’ என்பதிலும் ஒரு விஷயம் உண்டு. பாகத்தைச் சுருக்கும்போது கோப்புத் துண்டுகள் இடம்விட்டு இடம் நகர்கின்றன. நடுவில் மின்சாரம் போனால் கோப்பு கெடலாம். கிள்ளான் பள்ளத்தாக்கின் சாயங்கால இடிமழையில் கரண்ட் டிரிப் ஆவது நமக்குப் புதிதா என்ன? லேப்டாப் என்றால் பேட்டரி தாங்கும், டெஸ்க்டாப் என்றால் காலையில் செய்வது உத்தமம்.

ஆக, காப்பு என்பது வேறொரு டிஸ்க்கில் இருக்கும் நகல்தான். நகலெடுப்பதிலும் சில பொறிகள். லினக்ஸில் பென்டிரைவுக்குக் கோப்பை அனுப்பினால் அது முதலில் கணினியின் தற்காலிக நினைவகமான ரேமில் போய்ச் சேரும். திரையில் வேலை முடிந்ததாகக் காட்டும்போது உண்மையில் எழுதுவது இன்னும் நடந்துகொண்டிருக்கலாம். முறையாக ‘வெளியேற்று’ கொடுக்காமல் பிடுங்கினால் பாதிக் கோப்புதான் மிச்சம். ஃபேட்32 முறையில் இருக்கும் பென்டிரைவ் 4 ஜிபியைத் தாண்டிய ஒரு கோப்பை ஏற்காது. கல்யாண வீடியோ மாட்டிக்கொள்வது இங்கேதான். மைக்ரோசாஃப்ட்டின் இணையச் சேமிப்பான ஒன்டிரைவ் பயன்படுத்துகிறவர்கள் கோப்பின் பக்கத்தில் மேகப் படம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தால் பெயரும் அளவும்தான் கணினியில், சரக்கு இணையத்தில். அந்த டிஸ்க்கைக் கழற்றி வேறு கணினியில் மாட்டி நகலெடுத்தால் கிடைப்பது வெறும் கூடு. டிஸ்க்கில் இருப்பதைப் பிறர் படிக்க முடியாதபடி பூட்டும் விண்டோஸின் பிட்லாக்கர் இருந்தால் அதன் 48 இலக்க மீட்புச் சாவியைக் காகிதத்தில் எழுதி வைத்துவிட வேண்டும். அது இல்லாமல், கழற்றிய டிஸ்க்கிலிருந்து எதுவும் தேறாது. நகலை இன்னொரு கணினியில் திறந்து பார்த்த பிறகுதான் ஃபார்மட்.

அப்புறம், தமிழில் தட்டச்சு செய்கிறவர்களுக்கென்றே ஒரு சிக்கல் இருக்கிறது. பொதுவான கையேடுகளில் இதைத் தேடினாலும் கிடைக்காது. எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான எண்முறையான யூனிகோட் பரவுவதற்கு முன் மலேசியாவில் தமிழ்க் கணிமை நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தது. முத்து நெடுமாறனின் தமிழ்த் தட்டச்சு மென்பொருளான முரசு அஞ்சல் இங்கே பிறந்ததுதான். அந்தக் காலத்தில் ஒவ்வொரு எழுத்துருவும் ஒவ்வொரு கணக்கு. திஸ்கியில் ஒரு தமிழ் எழுத்துக்கு ஓர் எண், பாமினியில் அதே எழுத்துக்கு வேறு எண், அதுவும் ஆங்கில எழுத்துக்குரிய எண். கோப்புக்குள் இருப்பது அந்த எண்கள் மட்டுமே. அவற்றைத் தமிழாகக் காட்டியது எழுத்துரு. எழுத்துருவோ விண்டோஸ் கோப்புறைக்குள் உட்கார்ந்திருக்கிறது. ஆவணங்களை எல்லாம் பத்திரமாக நகலெடுத்துவிட்டு ஃபார்மட் செய்தால், தமிழ்ப்பள்ளி ஆண்டுவிழா மலருக்கு எழுதிய கட்டுரை ஒரு பைட்கூடக் குறையாமல் திரும்பிவரும். திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கிடக்கும்.

எனவே பழைய விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஃபான்ட்ஸ் கோப்புறையிலிருந்து அந்தத் தமிழ் எழுத்துருக்களையும் எடுத்துக்கொள்ள வேண்டும். லினக்ஸிலும் அதே எழுத்துருக் கோப்பை நிறுவலாம். நேரம் இருந்தால் ஆவணங்களை யூனிகோடுக்கு மாற்றிவிடுவது நல்லது. தமிழுக்கு அங்கே நிரந்தர எண்கள் உண்டு, இன்றைய எந்த ஓஎஸ்சும் பொதுவாக அவற்றைத் தமிழாகவே காட்டும். மாற்றும்போது எந்த எழுத்துருவில் அடித்தது என்று சரியாகச் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் இன்னொரு குழப்பம். அதற்கெல்லாம் பொறுமை இல்லை என்றால் பிடிஎஃப் ஆக்கிவிடலாம். பிடிஎஃப் எழுத்துருவின் வடிவங்களையும் பொதுவாகத் தனக்குள் வைத்துக்கொள்ளும், அதனால் எங்கே திறந்தாலும் தமிழாகத் தெரியும். ஆனால் அதில் தமிழில் ஒரு சொல்லைப் போட்டுத் தேடினால் கிடைக்காது. உள்ளே இருப்பது இன்னும் அதே பழைய எண்கள்.