மிக்சோமா: சீதக்கழலை

மட்டக்களப்பிலோ கல்முனையிலோ எக்கோ (இதயத்தை ஒலியலையால் பார்க்கும் பரிசோதனை) எடுத்துவிட்டு வருபவரின் அறிக்கையில் ‘எல்.ஏ. மிக்சோமா’ என்றிருந்தால், வீட்டில் முதலில் கேட்பது ‘சளியா, புற்றா?’ என்றுதான். இரண்டுமில்லை, இதயத்துக்குள் வளரும் தீங்கற்ற கட்டி.

கிரேக்கத்தில் ‘மிக்சா’ என்றால் கோழை, சீதம். ‘ஓமா’ கட்டியைக் குறிக்கும் ஈறு. அது நல்லது கெட்டது சொல்லாது. லிப்போமா வெறும் கொழுப்புக்கட்டி, மெலனோமா புற்று. ‘எல்.ஏ.’ என்பது இடது சோணையறை, இதயத்தின் இடது மேலறை. வளர்ந்தவர்களின் இதயத்திலேயே தோன்றும் கட்டிகளில் இதுவே அதிகம். நான்கில் மூன்று அந்த அறையில்தான் இருக்கும்.

‘சளிக்கட்டி’ என்று பெயர்த்தால் ஆடாதோடைக் குடிநீரைத் தேடுவார்கள். ‘கட்டி’ என்று மட்டும் சொன்னால், எப்போது பழுத்து உடையும் என்பார்கள். சீதக்கழலையே பொருந்தும். சீதம் பாடநூலில் பழகிய சொல், கழலை கண்டக்கழலையில் (கழுத்து வீக்கம்) இருக்கிறது. கழலுதல் என்றால் இளகிப் பிரிதல்; இதன் குணமும் அதுதான்.

நுங்குச் சுளைபோல வழுவழுப்பானது, சோணையறைகளுக்கு நடுவிலுள்ள சுவரில் காம்பால் தொங்கும். அந்த அறைக்குக் கீழுள்ள இருகூர் வால்வு திறக்கும்போதெல்லாம் வழுக்கிப்போய் அதன் வாயை அடைக்கும். அதனால் இளைப்பு, திடீர் மயக்கம். இதய முணுமுணுப்பு வாதக் காய்ச்சலால் சுருங்கிய வால்வைப் போலவே கேட்கும், ஆனால் உட்கார்ந்தால் ஒருவிதம், படுத்தால் ஒருவிதம். அந்த மாற்றத்தைக் கவனிக்காமல் விட்டால் பிழையான நோய்க்கு மருந்து ஓடும். கழலை சுரக்கும் இன்டர்லூக்கின் 6 என்ற புரதம் காய்ச்சலையும் மெலிவையும் கொண்டுவரும், அழற்சியைக் காட்டும் இரத்தப் பரிசோதனையான ஈ.எஸ்.ஆர். ஏறும், காசநோயோ இதய உள்ளுறைத் தொற்றோ என்று சந்தேகிப்பார்கள், ஆனால் இரத்த வளர்ப்பில் கிருமி வராது. துண்டு கழன்று மூளைக்குப் போனால் பாரிசவாதம், கால் நாடியில் சிக்கினால் கால் குளிர்ந்து வெளிறி வலிக்கும். அப்படி எடுத்த அடைப்பை எறியாமல் நோயியல் பரிசோதனைக்கு அனுப்பவேண்டும். சில நேரம் நோயின் பெயரைச் சொல்வது அந்தத் துண்டுதான்.

‘தீங்கற்றது’ என்பது கலத்தைப் பற்றிய பேச்சு, இருக்கும் இடத்தைப் பற்றியதல்ல. மாத்திரைக்குக் கரையாது. கண்டதும் தாமதிக்காமல், இதய நுரையீரல் இயந்திரத்தின் துணையோடு, காம்போடும் அது ஒட்டிய சுவர்த்துண்டோடும் வெட்டி எடுப்பார்கள். 1954இல் ஸ்டொக்ஹோமில் அறுவை மருத்துவர் கிளாரன்ஸ் கிராபோர்ட் முதன்முதல் வெற்றியாகச் செய்தது இதைத்தான். மீண்டும் முளைப்பது அரிது, என்றாலும் எக்கோவைத் தொடரவேண்டும். இளவயதில் வந்து, உதட்டில் கரும்புள்ளிகளும் இருந்தால் அது பரம்பரையாக வரும் வகையாக இருக்கலாம், கூடப்பிறந்தவர்களுக்கும் எக்கோ தேவை.