போட்டியில் ஜெயித்த வாளை வாங்காதீர்கள்

வூஷூ, தாய்ச்சி கற்றுக்கொள்ளும் பிள்ளைகளின் பெற்றோரும், பொழுதுபோக்காகக் கத்தி அடித்துப் பழகும் இளைஞர்களும் என்னிடம் அடிக்கடி ஒரே கேள்வியோடு வருகிறார்கள். சீன வாள் தயாரிக்கும் போட்டி வீடியோ ஏதாவது ஒன்றைப் பார்த்திருப்பார்கள். பழுக்கக் காய்ந்த இரும்பு, சம்மட்டி அடி, எண்ணெயில் முக்கும்போது குப்பென்று எழும் தீ, கடைசியில் பச்சை மூங்கில் ஒரே வீச்சில் இரண்டு துண்டாவது. "சார், இதே மாதிரி ஒண்ணு ஆன்லைன்ல இருக்கு, வாங்கலாமா?" என்பார்கள். நான் ஹீட் ட்ரீட்மென்ட் தொழிலில் இருப்பவன். எஃகைச் சூடாக்கி, குளிரவைத்து, அதன் குணத்தை மாற்றுவதும், மாறியதா என்று சோதிப்பதும்தான் வேலை. அந்தக் கண்ணோடு பார்த்தால், போட்டியில் கைதட்டல் விழும் இடம் ஒன்று, வாளைப் பிடிப்பவனின் உயிரைக் காப்பாற்றும் இடம் வேறொன்று. அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

சீனாவில் வாள் என்றால் முதலில் வரும் ஊர் செஜியாங் மாகாணத்தின் லோங்சுவான். அந்த ஊரின் வாள் அடிக்கும் கலை 2006-ல் சீனாவின் தேசியப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்ந்தது. 1911-ல், சிங் அரசாட்சியின் கடைசி நாட்களில், அங்கே வாள் பட்டறைகளுக்கு இடையே ஒரு போட்டி நடந்ததாக அந்த ஊர்க் கொல்லர்கள் சொல்கிறார்கள். ஷென் குவாங்லோங் பட்டறையின் வாள், அடுக்கி வைத்த மூன்று செம்புக் காசுகளை ஒரே குத்தில் துளைத்து வெளியே வந்தது, முனை மழுங்கவே இல்லை என்பது கதை. இன்றும் அந்தப் பட்டறையின் பெருமைக்கு இதைத்தான் சொல்வார்கள்.

இந்தச் சோதனையை நான் மதிக்கிறேன். ஆனால் அது எதைச் சொல்கிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். செம்பு மிருதுவான உலோகம். ஒழுங்காகத் தோய்ச்சல் போட்ட, அதாவது பழுக்கக் காய்ச்சி நீரிலோ எண்ணெயிலோ முக்கிக் கடினமாக்கிய எஃகு அதைவிடப் பல மடங்கு கடினம். எனவே காசு துளைபட்டது அதிசயம் இல்லை. துளைத்த பிறகு முனை வளையாமலும் சில்லு உடையாமலும் இருந்தது பாருங்கள், திறமை அங்கேதான் இருக்கிறது. வளையவில்லை என்றால் கடினம் போதுமான அளவு ஏறியிருக்கிறது. சில்லு தெறிக்கவில்லை என்றால் அந்தக் கடினத்தை டெம்பரிங்கில் (தோய்ச்சலுக்குப் பிறகு மிதமாக மறுபடி சூடாக்குவதில்) பக்குவமாக இறக்கியிருக்கிறார்கள். நல்ல சோதனை இப்படி ஒரே அடியில் இரண்டு எதிரெதிர்க் குணங்களையும் கேட்கும். மூங்கிலும் பாயும் அப்படிக் கேட்பதில்லை. ஊறவைத்துச் சுருட்டிய பாயை வெட்டுவதற்கு விளிம்பின் கோணமும் வெட்டுபவரின் கையும் சரியாக இருந்தால் போதும். தோய்ச்சல் சுமாராக இருக்கும் வாளும் அந்தச் சோதனையில் தேறிவிடும்.

பழைய சீனக் கொல்லர்களுக்கு இந்த இரட்டைக் குணம் நன்றாகத் தெரிந்திருந்தது. 11-ஆம் நூற்றாண்டில் ஷென் குவோ என்ற அறிஞர் எழுதிவைத்திருக்கிறார்: முன்னோர் விளிம்புக்குக் கடின எஃகும், உடலுக்கு மிருதுவான இரும்பும் வைத்தார்கள், இல்லாவிட்டால் வாள் ஒடிந்துபோகும் என்று. 1637-ல் சோங் யிங்சிங் தொழில்நுட்பங்களைத் தொகுத்தபோதும் இதே சங்கதிதான்: சிறந்த வாளுக்கு வெளியே எஃகு, உள்ளே இரும்பு, அப்படி இல்லையென்றால் ஓங்கி அடித்ததும் உடையும். லோங்சுவானில் இன்றும் இரண்டு வகையையும் செய்கிறார்கள். நடுவில் கடின எஃகை வைத்து இரண்டு பக்கமும் மிருதுவான இரும்பை ஒட்டுவது ஒன்று, எஃகை மேலே போர்த்துவது இன்னொன்று. இரண்டு பக்கமும் கூர் உள்ள ஜியன் வாளுக்கு முதல் முறை மிகப் பொருத்தம், ஏனென்றால் நடுவில் இருக்கும் அதே எஃகு இரு விளிம்பிலும் எட்டிப் பார்க்கும்.

ஷென் குவோ எழுதியதில் எனக்கு மிகவும் பிடித்தது அவர் சிசோ என்ற ஊரின் பட்டறையில் பார்த்ததுதான். இரும்பைக் காய்ச்சி அடிக்கிறார்கள், எடை போடுகிறார்கள், மறுபடி காய்ச்சி அடிக்கிறார்கள், மறுபடி எடை. ஒவ்வொரு முறையும் எடை குறைகிறது. நூறு முறைக்கு மேல் அடித்து, இனி எடை குறையவில்லை என்ற நிலை வந்தால் அதுதான் தூய எஃகு என்கிறார். கசடு வெளியேறும் வரை எடை வேகமாகக் குறையும். அப்புறம் மேல் தோலாக உதிரும் ஆக்சைடு மட்டுமே போகும் என்பதால் குறைவது கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சின்னதாகிவிடும். தராசை வைத்தே உலோகத்தின் உள்ளே நடப்பதைப் படித்திருக்கிறார்கள்! என் தொழிலில் 'பிராசஸ் கண்ட்ரோல்' என்று நாங்கள் சொல்வதும் இதுதான்.

இதிலிருந்து வாங்குபவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. மடித்து மடித்து அடிப்பது கசடை வெளியேற்றவும், எஃகின் கரியைச் சீராகப் பரப்பவும்தான். ஷான்டோங்கில் 1974-ல் கிடைத்த, கி.பி. 112-ஆம் ஆண்டைச் சேர்ந்த வாளில் 'முப்பது முறை' பண்படுத்தியது என்று பொன்னெழுத்தில் பொறித்திருக்கிறார்கள். அந்தக் காலத்து இரும்புக்கு அது தேவை. இன்றைய ஆலை எஃகு பிறக்கும்போதே சுத்தமாகத்தான் வருகிறது. அதை மடிப்பது அழகுக்காக. பத்து முறை மடித்தால் 1,024 அடுக்கு வந்துவிடும், எனவே "ஆயிரம் அடுக்கு" என்ற விளம்பரத்தில் மிரள ஒன்றுமில்லை. அடுக்குகளுக்கு இடையே ஒட்டாத இடம் ஒன்று இருந்தால் விரிசல் அங்கிருந்துதான் ஆரம்பிக்கும். போதாக்குறைக்கு, மலிவு வாள்களில் தெரியும் அலை அலையான கோலம் பல நேரம் மேற்பரப்பில் அமிலத்தாலோ லேசராலோ வரைந்தது.

இனி தோய்ச்சல். போட்டியில் இது சில நொடிகளில் முடிந்துவிடும், வாளின் தலையெழுத்து முடிவாவது அந்த நொடிகளில்தான். எஃகு சுமார் 770 டிகிரியில் காந்தத்தில் ஒட்டுவதை நிறுத்தும். கொல்லர்கள் ஒரு காந்தத்தைக் கம்பியில் கட்டித் தொங்கவிட்டு அதைப் பார்த்துக்கொண்டு, இன்னும் கொஞ்சம் சூடேற்றி முக்குவார்கள். அதற்கு மேல் ஆசைப்பட்டு மஞ்சளாகும் வரை சூடேற்றினால் எஃகின் உள்ளே இருக்கும் நுண்ணிய படிக மணிகள் பருத்துவிடும். அப்படிப்பட்ட வாள் உடைந்தால், உடைந்த இடம் சர்க்கரையைக் கொட்டியது போல மினுமினுக்கும். நன்றாகச் செய்த எஃகின் முறிவு மங்கிய சாம்பல் நிறத்தில், மணி தெரியாமல் இருக்கும்.

ஜியன் வாளில் இன்னொரு சிக்கல் உண்டு. ஒரு பக்கம் மட்டும் கூர் உள்ள தாவ் வாள் தோய்ச்சலில் கொஞ்சம் வளைந்தால் பரவாயில்லை, அதன் உருவமே வளைவுதான். ஜியன் நேராக இருந்தே ஆக வேண்டும். அதைத் துளி சாய்த்து முக்கினாலும் ஒரு விளிம்பு முதலில் குளிர்ந்து வாள் ஒரு பக்கமாக இழுத்துக்கொள்ளும். தண்ணீரில் முக்கினால் "டிக்" என்று ஒரு சின்னச் சத்தம் கேட்கும் வாய்ப்பும் அதிகம். அது விரிசல் விழுந்த சத்தம். ஆறாம் நூற்றாண்டில் சிமு ஹுவாய்வென் என்ற கொல்லர் விலங்குகளின் சிறுநீரிலும் கொழுப்பிலும் வாளைத் தோய்த்தார் என்று வரலாற்றில் இருக்கிறது. கேட்கும்போது மந்திர வேலை போல இருக்கும். ஆனால் உப்புள்ள நீர் சாதாரணத் தண்ணீரைவிட வேகமாகக் குளிர்விக்கும், கொழுப்பு நிதானமாகக் குளிர்விக்கும். குளிரும் வேகத்தைத் தன் கைக்குள் வைத்துக்கொள்ளத் தெரிந்த மனிதர் அவர். அவருடைய வாள் அடுக்கிய முப்பது கவசத் தகடுகளை வெட்டியது என்றும் எழுதியிருக்கிறார்கள்.

தோய்ச்சல் முடிந்த வாளை டெம்பரிங் செய்யாமல் வைத்திருக்கவே கூடாது. போட்டிகளில் நேரம் போதவில்லை என்று இதைத்தான் சுருக்குகிறார்கள், எனக்கு அதைப் பார்க்கவே பதறும். அந்த நிலையில் எஃகின் உள்ளே இழுவிசை அடைபட்டுக் கிடக்கும். யாரும் தொடாமலேயே சில மணி நேரத்தில் விரிசல் விடலாம். சமையல் கத்திக்கு, எஃகின் கடினத்தை அளக்கும் ராக்வெல் சி அளவில் 58, 60 வைக்கலாம். முழுவதும் ஒரே எஃகில் செய்த வாளுக்கு அது ஆபத்து. 50-ஐ ஒட்டியோ சற்று மேலோ இறக்கினால்தான் வளைந்து திரும்பி நிற்கும்.

அடுத்து, வெளியே தெரியாத பகுதி. வாளின் அடிப்பாகம் கைப்பிடிக்குள் நீண்டிருக்கும், அதைக் காம்பு என்று வைத்துக்கொள்வோம். ஒரு பயிற்சிக்கூடத்தில் வீச்சின் நடுவே ஒடிந்து, அலகு பறந்துபோய்ச் சுவரில் அடித்த ஒரு வாளை என்னிடம் கொண்டுவந்தார்கள். நல்லவேளை, அந்தத் திசையில் யாரும் இல்லை. கைப்பிடியைப் பிரித்துப் பார்த்தால் காம்பே கிடையாது. அலகின் அடியில் ஒரு மெல்லிய மரையாணியை வெல்டு வைத்து, மறுமுனையில் நட்டு போட்டு இறுக்கியிருந்தார்கள். முறிந்த இடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது பாதிக்கு மேல் பழுப்பாகத் துரு ஏறியிருந்தது, மிச்சம் மட்டும் பளபளவென்று புதிதாக இருந்தது. அதாவது விரிசல் பல நாட்களுக்கு முன்பே விழுந்து, ஒவ்வொரு வீச்சுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே நகர்ந்திருக்கிறது. கடைசி வீச்சு மிச்சத்தை முடித்திருக்கிறது. அலகு துருப்பிடிக்காத எஃகு. பளபளப்பாக, அழகாக, சுவரில் மாட்டுவதற்கென்றே செய்தது. அதைப் பெட்டியின் மேல் எழுதாமல் 'அசல் சீன வாள்' என்று மட்டும் எழுதி விற்றிருக்கிறார்கள். இதைப் பார்த்த அன்று எனக்கு வந்த கோபம் இன்னும் தீரவில்லை.

ஒழுங்கான வாளில் காம்பு அலகோடு ஒரே துண்டாக இருக்கும். அகலமாக இறங்கும். அலகு காம்பாக மாறும் இடத்தில் செங்கோண மூலை இருக்காது, வளைத்து விட்டிருப்பார்கள். செங்கோண மூலையில் விசை குவிந்து விரிசலைப் பிறப்பிக்கும். போட்டி நடத்துபவர்களிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான்: வெட்டுச் சோதனைக்கு முன்னால் கைப்பிடியைக் கழற்றிப் பார்த்தீர்களா?

பார்த்தபின் வரிசை முக்கியம். முதலில் அலகுக்கு டை பெனட்ரன்ட் தடவி விரிசல் பார்க்க வேண்டும். சிவப்புச் சாயம் தடவி, துடைத்து, வெள்ளைப் பொடி அடித்தால் விரிசல் இருக்கும் இடத்தில் சிவப்புக் கோடு கசிந்து வரும். செலவு மிகக் குறைவு. அடுத்து வளைப்புச் சோதனை. அலகை இடுக்கியில் பிடித்து, வளைப்பவர் முகக் கவசத்தோடு பக்கவாட்டில் நின்று, மெதுவாக வளைத்து விட வேண்டும். நேராகத் திரும்பினால் சரி. வளைந்தபடியே நின்றால் மிருது அதிகம், வாள் தோற்றது, ஆனால் யாருக்கும் காயமில்லை. ஒடிந்தால் அது மேடையில் ஒடியாமல் இடுக்கியில் ஒடிந்ததே என்று நிம்மதி அடையலாம். இதற்குப் பிறகுதான் பாய், மூங்கில், கடைசியாகக் கடினமான பொருள். ஒவ்வொன்றுக்கும் நடுவே மறுபடி ஒரு சாயச் சோதனை.

இரும்புக் குழாயையும் கார்க் கதவையும் வெட்டிக் காட்டுவதை நான் சோதனையாக எடுத்துக்கொள்வதில்லை. எந்த வாளும் அதற்காகச் செய்யப்பட்டதல்ல. மரபான ஜியன் வாளில் கைப்பிடியை ஒட்டிய பகுதியைக் கூராக்காமல் தடுப்பதற்கு விடுவார்கள், முனைப் பகுதி மெல்லியதாகவும் மிகக் கூராகவும் இருக்கும். அந்த மெல்லிய முனையால் குழாயை அடித்துவிட்டு 'சீன வாள் சரியில்லை' என்று தீர்ப்பு சொல்வது அந்தக் கொல்லர்களுக்குச் செய்யும் அநியாயம்.

பார்வையாளர்கள் நிற்கும் இடத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒடிந்த அலகு வீச்சு போகும் தளத்திலேயே பறக்கும். வெட்டுபவருக்கு நேர் முன்னாலும் நேர் பின்னாலும் ஆளை நிறுத்தாதீர்கள். போன் வைத்துப் படம் எடுப்பவர்கள் நிற்பது பெரும்பாலும் அங்கேதான்.

இனி தலைப்புக்கு வருகிறேன். எங்கள் தொழிலில் ஒவ்வொரு லோடோடும் டெஸ்ட் பீஸ் ஒன்று உலைக்குள் போகும். அதை உடைத்து, அறுத்து, அழுத்திப் பார்ப்போம். அது தேறினால் மற்ற பாகங்கள் வாடிக்கையாளருக்குப் போகும், டெஸ்ட் பீஸ் பழைய இரும்புக்குப் போகும். போட்டியில் ஜெயித்த வாளும் டெஸ்ட் பீஸ்தான். அது வளைந்திருக்கிறது, எலும்பையும் மூங்கிலையும் காசையும் அடித்திருக்கிறது. உள்ளே எங்கே விரிசல் கருக்கொண்டிருக்கிறது என்று கண்ணால் சொல்ல முடியாது. அந்த வெற்றி அந்தக் கொல்லரின் கைப்பக்குவத்துக்கான சான்றிதழ். அவரிடம் வாங்குவதென்றால் அதே எஃகில், அதே முறையில் செய்த, அடிபடாத வாளை வாங்குங்கள். ஜெயித்தது கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கட்டும். அதை ஏலம் விட்டு, வாங்கியவர் மறுநாளே பயிற்சிக்கு எடுத்துப்போவது மிகத் தவறு.

பெற்றோருக்கு: வூஷூ போட்டிக்கான வாள் மெல்லிய தகடு. ஆட்டத்தில் அதிர்ந்து சத்தம் எழுப்பவே அப்படிச் செய்கிறார்கள். கூர் வைப்பதற்கோ எதையும் வெட்டுவதற்கோ அது ஆகாது. பிள்ளை வீட்டில் வாழை மட்டையில் முயற்சி செய்யாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கூர் உள்ள வாள் வாங்க நினைப்பவர்களுக்கு: 1959 ஆயுதச் சட்டத்தின் கீழ் வரும் 2016 விதிகளில் வாள் ஆயுதப் பட்டியலில் இருக்கிறது. அரசு அறிவித்துள்ள பகுதிகளில் உரிமம் தேவை. ஆர்டர் போடும் முன் உங்கள் காவல் நிலையத்தில் கேட்டுவிடுங்கள்.

விற்பவரிடம் எஃகின் பெயர், கடின அளவு, காம்பின் புகைப்படம் மூன்றையும் கேளுங்கள். லோங்சுவானில் பரவலாகப் பயன்படும் 65 மாங்கனீஸ் எஃகு லாரி ஸ்பிரிங் பட்டையின் குடும்பம்தான், அதைச் சொல்ல யாரும் கூச்சப்பட மாட்டார்கள். மூன்றில் ஒன்றைக்கூடச் சொல்லாதவரிடம் வாங்க வேண்டாம். ஏற்கெனவே வாங்கிய வாளின் கைப்பிடி ஆடினாலோ, தட்டினால் சத்தம் அடைத்தாற்போல வந்தாலோ பயன்படுத்துவதை நிறுத்துங்கள். விரிசலை வெல்டு வைத்து அடைக்காதீர்கள். அந்தச் சூடு பக்கத்து எஃகின் தோய்ச்சலைக் கெடுத்து, அடுத்த முறிவுக்கு இடம் பார்த்து வைத்துவிடும். அலகைக் கிரைண்டரில் இரண்டாக அறுத்துப் பழைய இரும்புக்குப் போடுங்கள். அறுக்காமல் போட்டால் யாராவது எடுத்துக் கைப்பிடி மாட்டி மறுபடி விற்பார்கள்.