ரிப்போர்ட்டில் பிளேட்லெட்டுக்கு மேலே ஒரு வரி

ஐப்பசி, கார்த்திகை வந்துவிட்டால் காரைக்குடிப் பக்கத்தில் காய்ச்சல் பார்க்கிற எந்த டாக்டர் அறைக்கு வெளியேயும் ஆளுக்கொரு லேப் சீட்டுடன் உட்கார்ந்திருப்பார்கள். தீபாவளிக்கும் கல்யாணத்துக்கும்தான் இங்கே பல வீடுகளில் பூட்டைத் திறக்கிறார்கள். மற்ற நாளெல்லாம் முற்றத்தில் மழைத்தண்ணீர் பிடித்த கிடாரமும், இரண்டாங்கட்டில் கிடக்கும் ஆட்டுரலும் டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவின் கையில். கொசுவைப் பற்றி நகராட்சி வண்டி தெருத்தெருவாகச் சொல்லிவிட்டதால் நான் அதற்குள் போகவில்லை. கடித்த பிறகு உடம்புக்குள் நடப்பதுதான் என் கவலை.

உள்ளே வந்ததும் கேட்கிற முதல் கேள்வி, "பிளேட்லெட் எவ்வளவு டாக்டர்?" சீட்டை வாங்கியதும் நான் பார்ப்பது வேறு இரண்டு எண்கள். ஒன்று டோட்டல் கவுண்ட், அதாவது ரத்த வெள்ளை அணுக்களின் மொத்த எண்ணிக்கை. இன்னொன்று பிசிவி, அதாவது ரத்தத்தில் சிவப்பணுக்கள் எத்தனை சதவீத இடத்தைப் பிடித்திருக்கின்றன என்ற கணக்கு.

பெரியவர்களுக்கு டோட்டல் கவுண்ட் 4,000 முதல் 11,000 வரை இருக்கலாம். பாக்டீரியா தொற்றில் பொதுவாக இது ஏறும். டெங்குவில் இறங்கும், அதுவும் பிளேட்லெட் இறங்குவதற்கு முன்பே. எலும்பு மஜ்ஜையை வைரஸ் சில நாள் மந்தப்படுத்திவிடுவது இதற்கு ஒரு காரணம். மூன்றாம் நாள் சீட்டில் பிளேட்லெட் இரண்டு லட்சம் இருந்து, டோட்டல் கவுண்ட் 3,000 என்று இருந்தால், "பிளேட்லெட் நல்லா இருக்கு" என்று அவர்கள் எழுந்து போகும்போது, நாளைக்கும் ரத்தம் பார்க்கச் சொல்லி நான் உட்கார வைப்பேன்.

எண்ணிக்கை குறைந்ததால் வெள்ளை அணுக்கள் சும்மா இருக்கின்றன என்று நினைக்க வேண்டாம். தோலிலும் ரத்தத்திலும் காவல் இருக்கும் மோனோசைட், மேக்ரோஃபேஜ், டெண்ட்ரிடிக் செல் என்ற வெள்ளை அணு வகைகள்தான் வைரஸை முதலில் விழுங்குகின்றன. டெங்கு வைரஸ் அந்தச் செல்களுக்குள்ளேயே பெருகவும் செய்கிறது. மாட்டிக்கொண்ட செல்கள் சைட்டோகைன் என்ற வேதிப்பொருட்களை வெளியிட்டு மற்ற வெள்ளை அணுக்களைக் கூப்பிடுகின்றன. நமக்கு வரும் காய்ச்சலும் உடம்பு வலியும் பெரும்பாலும் இந்தக் கூப்பாட்டின் வேலை. அப்புறம் டி செல்கள் என்ற இன்னொரு வகை வெள்ளை அணுக்கள் வந்து, வைரஸ் புகுந்த செல்களைக் கொல்லும். இதெல்லாம் நடந்தால்தான் நோய் தீரும்.

அளவு மீறினால்தான் சிக்கல். சைட்டோகைன்கள் ரத்தத்தில் பெருகும்போது நுண்குழாய்களின் உட்சுவர் தளர்ந்துவிடும். வைரஸ் வெளியிடும் என்எஸ்1 என்ற புரதமும் அதே சுவரைக் கெடுக்கும். பானை உடையாமலே மண்பானையில் தண்ணீர் கசிகிற மாதிரி, ரத்தத்தின் நீர்ப்பகுதி வெளியேறி வயிற்றிலும் நெஞ்சிலும் தேங்கும். குழாய்க்குள் மிஞ்சும் ரத்தம் கெட்டியாகும். பிசிவி ஏறுவது அதனால்தான்.

இது நடக்கிற நேரம்தான் பலரை ஏமாற்றுகிறது. நாலாம் நாள், ஐந்தாம் நாள் காய்ச்சல் இறங்கும்போது ரத்தத்தில் வைரஸும் குறைந்துகொண்டுதான் வரும். ஆனால் அது கிளப்பிவிட்ட அழற்சி உச்சத்தில் இருக்கும். அடுத்த 24 முதல் 48 மணி நேரம்தான் ஆபத்தான கட்டம்.

மச்சினன் கல்யாணத்துக்கு சிங்கப்பூரிலிருந்து வந்த ஒருவரை மாமியார் அழைத்து வந்திருந்தார். "மாப்பிள்ளைக்கு நேத்து ராத்திரியோட காச்சல் விட்டுருச்சு தம்பி. ஒரு குளுக்கோஸ் மட்டும் போட்டு விடுங்க, நாளைக்கு முகூர்த்தம்" என்றார் ஆச்சி. தொட்டால் கை சில்லென்று இருந்தது. பிளேட்லெட் 90,000, யாரும் பயப்படும் எண்ணில்லை. ஆனால் முந்தாநாள் 40 ஆக இருந்த பிசிவி 49க்கு வந்திருந்தது. ரத்த அழுத்தம் 100/84. மேல் எண்ணைப் பார்த்து ஆறுதல் அடையலாம். ஆனால் இரண்டு எண்ணுக்கும் இடையே 16தான் இருந்தது. அந்த இடைவெளி 20க்குச் சுருங்கினாலே ரத்த ஓட்டம் திணறுகிறது என்று பொருள். "முகூர்த்தம் அவர் இல்லாமலும் நடக்கும் ஆச்சி" என்று சொல்லிப் படுக்கையில் சேர்த்தோம். பிசிவி பார்த்துப் பார்த்து அளவாக சலைன் ஏற்றியதில் இரண்டு நாளில் தேறிவிட்டார்.

சில வருடம் முன்பு அவருக்கு சிங்கப்பூரிலேயே ஒருமுறை டெங்கு வந்திருக்கிறது. டெங்குவில் நாலு வகை உண்டு. முதல் தடவை உண்டான எதிர்ப்பொருள் (ஆன்டிபாடி) இரண்டாம் தடவை வரும் வேறு வகையோடு ஒட்டும், ஆனால் செயலிழக்கச் செய்யாது. ஒட்டிய எதிர்ப்பொருளையே பிடித்துக்கொண்டு வைரஸ் மோனோசைட்டுக்குள் சுலபமாக நுழைந்துவிடும், நோயும் கடுமையாகலாம். ஆகவே "முன்னாடி டெங்கு வந்திருக்கா?" என்று டாக்டர் கேட்டால் யோசித்துச் சொல்லுங்கள்.

சரி, வெள்ளை அணுக்களின் வேலை அளவு மீறுவதுதான் காரணம் என்றால் அவற்றை அடக்கும் ஸ்டீராய்டைப் போட்டுவிடலாமே? படித்த பிள்ளைகள் கேட்கும் நியாயமான கேள்வி. கொரோனா இதற்குப் பாதி பதில் சொன்னது. 2020இல் பிரிட்டனில் நடந்த ரெகவரி ஆய்வில் தினமும் 6 மில்லிகிராம் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு, வென்டிலேட்டரில் இருந்தவர்களின் இறப்பைச் சுமார் மூன்றில் ஒரு பங்கும், ஆக்சிஜன் மட்டும் தேவைப்பட்டவர்களின் இறப்பைச் சுமார் ஐந்தில் ஒரு பங்கும் குறைத்தது. ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்குப் பலன் இல்லை. முதல் சில நாட்களில் வெள்ளை அணுக்கள் வைரஸைத் துரத்திக்கொண்டிருக்கும். அப்போது அவற்றின் கையைக் கட்டக் கூடாது. 2021இல் கருப்புப் பூஞ்சை பரவியதில் சர்க்கரை நோயோடு ஸ்டீராய்டுக்கும் பங்கு இருந்ததை நம் ஊர்க்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

டெங்குவில் ஸ்டீராய்டு உயிர் காக்கும் என்பதற்கு இதுவரை ஆதாரம் இல்லை. ஆனாலும் "ஒரு ஊசி போட்டா உடனே விட்ரும்" என்று ஊருக்கு ஊர் போடுகிறார்கள். பல நேரம் டெக்ஸாமெத்தசோனும் டைக்ளோஃபெனாக் என்ற வலி மருந்தும் சேர்ந்த ஊசி. இரண்டாவது மருந்து ரத்தக் கசிவைக் கூட்டும். முதலாவது, குழாய்ச் சுவரில் ஒட்டியிருக்கும் நியூட்ரோஃபில் என்ற வெள்ளை அணுக்களை ரத்த ஓட்டத்துக்குள் தள்ளிவிடுவதால் டோட்டல் கவுண்ட் ஏறி, சீட்டு பார்க்க அழகாகிவிடும். ஊசி போட்டதை மறைத்து வந்தால் அந்தச் சீட்டை வைத்து நாங்கள் என்ன செய்வது? காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் போதும். பப்பாளி இலைச் சாறு குடிப்பவர்களிடம் நான் சண்டைக்குப் போவதில்லை. குடித்து வாந்தி வந்தால் நிறுத்தச் சொல்வேன், அவ்வளவுதான்.

காய்ச்சல் விட்ட பின் வயிற்று வலி, நிற்காத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், எழுந்திருக்க முடியாத சோர்வு, சிறுநீர் குறைவு, இதில் எது வந்தாலும் ராத்திரி என்று பார்க்காமல் ஆஸ்பத்திரிக்கு வந்துவிட வேண்டும்.

தேறும்போதும் டோட்டல் கவுண்ட்தான் முதலில் ஏறும். பிளேட்லெட் அதன் பின்னால் மெதுவாக வரும். அந்த நாட்களின் சீட்டில் "அட்டிப்பிக்கல் லிம்ஃபோசைட்" என்று ஒரு வரி இருக்கலாம். அதை கூகுளில் தேடிப் பார்த்து, ரத்தப் புற்றுநோயோ என்று வீடே அழுதபடி வந்ததுண்டு. வைரஸை எதிர்த்து வேலை செய்த லிம்ஃபோசைட் என்ற வெள்ளை அணுக்கள் உருவம் பெருத்துத் தெரிவதைத்தான் லேப்பில் அப்படி எழுதுகிறார்கள். இரண்டு, மூன்று வாரம் கழித்து இன்னொரு முறை ரத்தம் கொடுத்துப் பாருங்கள். அப்போதும் அந்த வரி இருந்தால் மேற்கொண்டு சோதிக்கலாம்.