இக்: கடல்மீன் வெண்புள்ளி நோய்

கடல்நீர் மீன்தொட்டி வைத்திருப்பவர்கள் அதிகம் பயப்படும் பெயர் ‘இக்’. புதிதாக விட்ட ‘டேங்’ என்ற கடல் அழகுமீன் பாறையில் உடம்பை உரசி உரசி நீந்தும். மறுநாள் பார்த்தால் துடுப்பிலும் விலாவிலும் தூளுப்பைத் தூவியதுபோல் வெள்ளைப் புள்ளிகள்.

‘இக்’ என்பது இக்தியோப்திரியஸ் என்ற பெயரின் சுருக்கம். கிரேக்கத்தில் ‘இக்திஸ்’ என்றால் மீன், ‘ப்தெயர்’ என்றால் பேன். 1876இல் நன்னீர் மீன்களின் ஒருசெல் ஒட்டுண்ணி ஒன்றுக்கு வைத்த பெயர் இது. கடல்மீன்களைப் பிடிப்பதோ கிரிப்டோகாரியன் இரிட்டன்ஸ் என்ற வேறோர் ஒட்டுண்ணி. 1951இல் பெயர் பெற்றது. ‘கிரிப்டோஸ்’ மறைந்தது, ‘காரியோன்’ கொட்டை. உயிரியலில் செல்லின் உட்கரு. இரண்டும் ஒரே மாதிரிப் புள்ளி போடுவதால், 1961இல் ஜப்பானிய ஆய்வாளர் சிகாமா கடல் ஒட்டுண்ணியையும் இக்தியோப்திரியஸ் பேரினத்தில்தான் சேர்த்தார். இவை நெருங்கிய உறவே அல்ல என்று பிறகு மரபணு ஆய்வுகள் காட்டின. ஆனாலும் ‘இக்’ ஒட்டிக்கொண்டுவிட்டது.

சரி, தமிழில் என்ன சொல்வது? ‘மீன்பேன்’ என்று நேராகப் பெயர்த்தால் தப்பாகிவிடும். அது ஆர்குலஸ் என்ற, கண்ணுக்கே தெரியும் வேறோர் ஒட்டுண்ணியின் பெயர். வெறும் ‘வெண்புள்ளி நோய்’ என்றால் இறால் வளர்ப்பவர்கள் வைரஸ் நோயை நினைப்பார்கள். ‘கடல்மீன் வெண்புள்ளி நோய்’ என்று முழுதாகச் சொல்வதே சரி என்பது என் கருத்து. ‘கடல்மீன்’ என்ற அடைமொழியை விடவே கூடாது. நன்னீர்த் தொட்டியில் உப்புப் போட்டு, வெப்பத்தைக் கூட்டி ‘இக்’கை விரட்டுவார்கள். பெயரை நம்பி அதே வைத்தியத்தைக் கடல்நீர்த் தொட்டியில் செய்தால் நாள்தான் வீணாகும், மீனும் போய்விடும்.

‘புள்ளி’ என்ற சொல்லிலும் ஓர் ஏமாற்று இருக்கிறது. புள்ளி என்பது தோலுக்கடியில் உட்கார்ந்து தின்னும் ஒட்டுண்ணி. மூன்று முதல் ஏழு நாளில் அது மீனை விட்டுக் கீழே இறங்கி, மணலிலோ பாறையிலோ உறை கட்டி உள்ளுக்குள் பலவாகப் பிரியும். புள்ளி மறைந்ததும் நோய் போய்விட்டது என்று பலர் மருந்தை நிறுத்துவது இந்தக் கட்டத்தில்தான். பெரும்பாலும் நான்கு வாரத்துக்குள் உறை உடைந்து, நூற்றுக்கணக்கில் ஒட்டுண்ணிக் குஞ்சுகள் மீனைத் தேடி நீந்தி வரும். சில உறைகள் 72 நாள் வரை கிடந்திருக்கின்றன. அதனால்தான் தொட்டியை 76 நாள் மீனில்லாமல் விடச் சொல்கிறார்கள். செவுளுக்குள் மட்டும் தொற்று இருந்தால் புள்ளியே தெரியாது. மீன் வேகமாக மூச்சு வாங்கும், அவ்வளவுதான்.

செம்பு மருந்து நீந்தும் குஞ்சுகளைத்தான் கொல்லும். தோலுக்கடியில் இருப்பதையோ உறைக்குள் இருப்பதையோ தொடாது. காப்பர் சல்பேட் என்றால் செம்பின் அளவு லிட்டருக்கு 0.15 முதல் 0.20 மில்லிகிராமுக்குள் நிற்க வேண்டும். தினமும் சோதிக்க வேண்டும். கூட்டுச்சேர்மமாக விற்கும் செம்பு மருந்துகளுக்கு அளவு வேறு. செம்பு பவளத்தையும் இறாலையும் கொன்றுவிடும், பாறையிலும் மணலிலும் ஊறிவிடும். ஆகவே மீன்கள் எல்லாவற்றையும் வெறும் தனித்தொட்டிக்கு மாற்றித்தான் மருந்து போட வேண்டும்.

புள்ளி இதைவிட நுண்ணியதாக, மாவு படிந்ததுபோல் இருந்தால் அது வெல்வெட் நோயாக இருக்கலாம். அதைக் கிளப்புவது அமைலூடினியம் என்ற இன்னொரு ஒட்டுண்ணி. அது இன்னும் வேகமாகக் கொல்லும், காத்திருந்து பார்க்க நேரம் இருக்காது.