முட்டைக்குள் நூற்புழு

சைரெக்ஸ் நாக்டிலியோ என்ற மரக்குளவி, சொந்த நிலமான ஐரோப்பாவில் சாகக் கிடக்கும் மரங்களைத்தான் நாடும். நியூசிலாந்திலும், 1952-இல் டாஸ்மேனியாவிலும் தென்பட்டபோது கதை மாறியது. அங்கே கலிபோர்னியாவிலிருந்து வந்த ரேடியாட்டா பைன் மரங்களை நெருக்கி நட்டிருந்தார்கள். குளவியின் எதிரிகளோ கூட வரவில்லை.

பெண் குளவி மரத்தைத் துளைத்து, முட்டையோடு நச்சுச் சளியையும் ஒரு பூஞ்சையையும் உள்ளே இறக்கும். நச்சில் மரம் தளர, பூஞ்சை பரவும். பூஞ்சை பதப்படுத்திய கட்டையைத் தின்று குளவியின் புழு வளரும். கட்டைக்குள் ஆழத்தில் இருக்கும் புழுவை மருந்து தெளித்து எட்ட முடியாது.

எட்டியது டெலாடினஸ் என்ற நூற்புழு. 1962-இல் நியூசிலாந்தில் கண்டறியப்பட்ட இதன் வாழ்க்கையை ஆஸ்திரேலியாவின் ராபின் பெடிங் ஆராய்ந்தார். இதற்கு இரண்டு வாழ்க்கை. மரத்துக்குள் அதே பூஞ்சையைத் தின்றபடி தலைமுறை தலைமுறையாகப் பெருகும். அருகில் குளவிப் புழு இருந்தாலோ, உருவமே வேறான பெண் நூற்புழுக்கள் தோன்றி அதன் உடலுக்குள் நுழைந்துவிடும். குளவி கூட்டுப்புழுவாகும் சமயத்தில் நூற்புழுக் குஞ்சுகள் அதன் முட்டைகளுக்குள் புகுந்துகொள்ளும். குளவி சாவதில்லை, பறந்துபோய் அடுத்த மரத்தைத் துளைத்து, பொரியாத முட்டைகளை இடும். அவற்றுக்குள் இருப்பது நூற்புழுக்கள் மட்டுமே. எதிரியைச் சுமந்துபோய்ச் சேர்க்கும் வேலையைப் பூச்சியே செய்கிறது!

நூற்புழுவைப் பரப்ப, தோட்டத்தில் சில மரங்களைக் களைக்கொல்லி செலுத்தி வேண்டுமென்றே வாட விடுவார்கள். குளவிகள் அவற்றைத் தேடி வந்து முட்டையிட்ட பிறகு, தண்டில் துளையிட்டு ஜெலட்டினில் கலந்த நூற்புழுக்களைச் செலுத்துவார்கள்.

பூஞ்சையில் வளர்வதால் நூற்புழுக்களை ஆய்வகத்தில் கோடிக்கணக்கில் பெருக்குவது எளிது. வினையும் அங்கேதான் வந்தது. 1987 முதல் 1989 வரை தெற்கு ஆஸ்திரேலியா, விக்டோரியா எல்லையிலுள்ள தோட்டங்களில் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட மரங்கள் மடிந்தன. நெருங்கி நின்ற மரங்களில் சிலவற்றை உரிய காலத்தில் வெட்டி இடைவெளி விடாததும் ஒரு காரணம். ஆனால் ஆய்வக நூற்புழுக்களின் தொற்றும் திறனே குன்றிப்போயிருந்தது. 20 ஆண்டுகளுக்கு மேல் பூஞ்சையை மட்டுமே தின்றவற்றுக்குக் குளவியைத் தேடும் அவசியம் வரவில்லை. ஒட்டுண்ணி வடிவம் எடுக்காதவையே அங்கே பெருகின.

டாஸ்மேனியாவின் கமோனா காட்டில், முன்பு விடப்பட்டவற்றின் வழிவந்த வீரியமுள்ள நூற்புழுக்கள் 1991-இல் மீண்டும் சேகரிக்கப்பட்டன. இந்த வகையின் இருப்பைத் திரவ நைட்ரஜனில் உறைய வைத்து, வேண்டும்போது எடுத்து வளர்க்கிறார்கள்.