நீல நிறம் தண்ணீர் அல்ல

சென்ற வாரம் காங்கேயம் பக்கத்திலிருந்து வந்த தென்னை விவசாயி ஒருவர், நிலத்தடி நீர் தேடும் கருவியால் அளந்து அச்சிட்ட, நான்காக மடித்த வண்ணத்தாளை மேசையில் விரித்து, அதன் நடுவிலிருந்த நீலத் திட்டின்மேல் விரலை வைத்து, "இது தண்ணி தானுங்களே?" என்று கேட்டார். அதே இடத்தில் 1,100 அடி ஆழ்துளைக் கிணறு துளைத்தும் புழுதிதான் வந்திருக்கிறது. இந்தக் கோடையில் என்னிடம் வந்த நான்காவது தாள் இது.

அது பூமிக்குள் எடுத்த படம் அல்ல. திருநெல்வேலி மாவட்டம் விஜயநாராயணத்திலுள்ள கடற்படை வானொலி நிலையத்தின் 18.2 கிலோஹெர்ட்ஸ் ரேடியோ அலை நம் பாறைக்குள் மின்னோட்டத்தைத் தூண்டுவதால், தரைக்கு மேலுள்ள காந்தப்புலம் சற்றே சாய்கிறது. கருவி அளந்தது அந்தச் சாய்வை மட்டுமே. அதிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டால் நிலத்தடி இப்படி இருக்கலாம் என்ற பல கணக்கீட்டு மாதிரிகள் பொருந்தும்; அவற்றுள் ஒன்றைத்தான் மென்பொருள் வரைகிறது. மின்கடத்துத்திறன் கூடிய இடத்துக்கு நீலம் பூசியதும் மனிதர் செய்த ஏற்பாடே. மஞ்சள் என்று அமைத்திருந்தால் மஞ்சளாக வந்திருக்கும்.

கடத்துவதெல்லாம் தண்ணீர் என்ற நம்பிக்கைதான் என்னை மிகவும் சலிப்படையச் செய்கிறது. தூய நீர் மின்சாரத்தை அரிதாகவே கடத்தும்; கடத்துவது அதில் கரைந்த உப்பு. மக்கிய பாறையின் களிமண் நன்றாகக் கடத்தும், ஆனால் ஒரு குடம் நீரையும் விட்டுக்கொடுக்காது. சாயக்கழிவு இறங்கிய நொய்யல் கரை வயல்காடுகளில் அளந்தால் தாள் முழுவதும் நீலமாகலாம். அந்த நீரைத் தென்னைக்கு விட முடியுமா? இரும்பும் கடத்தும். விவசாயியின் புலப்படத்தை (நில அளவை வரைபடத்தை) வண்ணத்தாளின் அருகே வைத்துப் பார்த்தபோது, கிணற்றிலிருந்து தொட்டிக்குச் செல்லும் பழைய இரும்புக் குழாயின்மேல் அந்த நீலத் திட்டு அச்சாக உட்கார்ந்திருந்தது.

தாளின் ஓரத்தில் ஆழம் 1,000 அடி என்று அச்சிட்டிருந்தார்கள். 2,000 ஓம்-மீட்டர் மின்தடைத்திறன் கொண்ட கெட்டிப் பாறையிலேயே இந்த அலை சுமார் 550 அடிக்குள் மூன்றில் ஒரு பங்காகத் தேய்ந்துவிடும். 100 ஓம்-மீட்டர் மண்ணில் 120 அடிதான். மேலும், நிலையம் நமக்கு ஏறத்தாழ நேர் தெற்கே இருப்பதால், அதை நோக்கித் தெற்கு வடக்காக ஓடும் வெடிப்புகளே தெளிவாகத் தெரியும். பாலக்காட்டுக் கணவாயை ஒட்டிய நம் பாறைப் பிளவுகளில் பெரியவை பலவும் கிழக்கு மேற்காக ஓடுபவை என்பதை அளப்பவர்கள் வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

எனவே அளக்கும்போது மோட்டாரை நிறுத்துங்கள். கம்பி வேலி, குழாய், மின்கம்பி ஆகியவற்றைப் புலப்படத்தில் குறித்துக் கொடுங்கள். ஒரே கோட்டில் அளந்துவிட்டுப் புறப்படுபவருக்குப் பணம் கொடுக்காதீர்கள்; இணையாக இன்னும் இரண்டு கோடுகள் கேளுங்கள், குறித்த இடத்தில் கம்பி ஊன்றி மின்தடை ஆய்வும் செய்யச் சொல்லுங்கள். துளைக்கும்போது ஆழவாரியாக வரும் கல்தூளைத் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டி, அடியைக் குறித்து வையுங்கள். தண்ணீர் வராத ஆழ்துளைக் கிணற்றின் பொட்டலங்களையும் தயவுசெய்து எறிந்துவிடாதீர்கள். அடுத்த கணக்கீட்டு மாதிரியைச் சரிபார்க்க என்னிடம் வேறு சாட்சி இல்லை.